உள்ளூர்க்காரருக்குப் பூட்டு, வெளியூர்க்காரருக்கு வரவேற்பு

கோவாவின் கேசினோக்களில் கோவாக்காரர் ஆட முடியாது. 2020 பிப்ரவரி 1 முதல் அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. காட்மண்டு கேசினோக்களில் நேபாளக் குடிமக்களுக்கு அனுமதி இல்லை. கம்போடியாவில் கம்போடியர் சூதாடக் கூடாது. மலேசியாவில் கெந்திங் மலை மேல் உள்ள கேசினோவுக்குள் முஸ்லிம்கள் போகக் கூடாது. சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ மெரினா பே சாண்ட்ஸ் கேசினோவின் வாசலைத் தாண்ட, 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டாலர் நுழைவு வரி கட்ட வேண்டும். இலங்கையர்களுக்கும் அவர்கள் நாட்டில் டாலர் கணக்கில் நுழைவு வரி உண்டு. சூதாட்டத்தாலேயே பெயர்பெற்ற மொனாக்கோவில்கூட அந்நாட்டுக் குடிமக்கள் ஆட்ட மேசையில் உட்கார முடியாது.

நமக்கு மட்டும் எல்லா இடத்திலும் வாங்க வாங்கதான். சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் நுழைவுக்குக் காசே இல்லை. கோவாவின் பனாஜியில் ஆதார் அட்டையில் தமிழ்நாட்டு முகவரி இருந்தால் போதும், வயது 21 ஆகியிருந்தால் உள்ளே விடுவார்கள். தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்த பண்டத்தை விருந்தாளிக்குப் பரிமாறும் கதை இது. இந்த நகரங்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் முன் இந்த ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொண்டால், பேக்கேஜ் நோட்டீஸில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது பாதி விளங்கிவிடும்.

கோவிலம்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மேடவாக்கம் மெயின் ரோட்டில், மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து போகும் நேரத்தில் கண்ணில் படும் விளம்பரத் தட்டிகளில் கோவாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் இல்லாத தட்டி குறைவு. ரேடியல் ரோடு வழியாகப் பல்லாவரம் போய் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் விமான நிலையம் வந்துவிடும். ஐ.டி. வேலைக்காரர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்று அபார்ட்மென்ட் வாங்கி வந்தவர்கள் என்று, குறைந்த செலவில் எங்காவது போய்வர நினைக்கிறவர்கள் இங்கே நிறைய. பேக்கேஜ் விற்பவர்கள் குறிவைப்பதும் இவர்களைத்தான். அந்தப் பேக்கேஜ்களில் "ஒரு மாலை கேசினோ அனுபவம்" என்ற வரி, கோவில் தரிசனத்துக்கும் ஷாப்பிங்குக்கும் நடுவில் ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இன்றும் இருக்கிறது. லாட்டரிச் சீட்டு 2003-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே நம்மில் பெரும்பாலோருக்குக் கேசினோ என்பது சினிமாவில் பார்த்தது மட்டுமே. ஆர்வம் இருப்பதில் தப்பில்லை. கோவாவில் 1976-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஐந்து நட்சத்திர விடுதிகளிலும் நீரில் நிற்கும் கப்பல்களிலும் அனுமதித்திருக்கிறார்கள். எனவே அங்கே போய்ப் பார்ப்பது சட்டப்படி குற்றமல்ல. எவ்வளவு செலவாகும், அது யார் கைக்குப் போகும் என்பதுதான் கேள்வி.

மலிவாகக் கிடைப்பது ஏன்?

கேசினோ நகரத்தில் அறையும் சாப்பாடும் போக்குவரத்தும் சில நேரம் ஆச்சரியமான மலிவில் கிடைக்கும். சீனாவின் மக்காவுவில் படகுத்துறையிலிருந்து பெரிய கேசினோ விடுதிகளுக்கு இலவசப் பேருந்து ஓடுகிறது. விவரம் தெரிந்த பயணிகள் அதில் ஏறி இறங்கி ஊரைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். மேசையில் வரும் வருமானத்தை நம்பி அறை வாடகையைக் குறைத்து வைக்கும் கணக்கு இது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் இன்னொரு தந்திரம் வெகுகாலம் நடந்தது. அறை வாடகையைக் குறைவாகக் காட்டிவிட்டு, கடைசியில் 'ரிசார்ட் கட்டணம்' என்று நாள்கணக்கில் ஒரு தொகையைச் சேர்ப்பார்கள். 2025 மே மாதம் முதல் மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் விதி கொண்டுவந்தது. நம் நாட்டிலும் இப்படிக் கடைசிப் பக்கத்தில் கட்டணம் ஏற்றுவதையும், கேட்காமலே காப்பீட்டை 'டிக்' செய்து வைப்பதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. தளத்தில் அப்படி நடந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகாருக்கு அதுவே ஆதாரம்.

மேசைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18, பச்சை நிறத்தில் ஒரு பூஜ்யம். சிவப்பில் 100 ரூபாய் வைத்தால், ஜெயித்தால் 100 கிடைக்கும். ஆனால் ஜெயிக்கும் வாய்ப்பு 37-க்கு 18. அந்த ஒற்றைப் பூஜ்யத்தால் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு கேசினோவுக்குப் போகிறது. சக்கரத்தில் இரண்டு பூஜ்யம் இருந்தால் 5 ரூபாய் 26 காசு. இவ்வளவுதானா என்று தோன்றும். மணிக்கு 40 சுற்று, மூன்று மணி நேரம், குறைந்தபட்சப் பந்தயம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மேசையில் புரண்ட தொகை 60,000. சராசரி நஷ்டம் ஒற்றைப் பூஜ்யத்தில் 1,620, இரட்டைப் பூஜ்யத்தில் 3,156. இது சராசரிதான். கையில் பத்தாயிரத்தோடு போனவர் நடுவிலேயே அத்தனையையும் விட்டுவிட்டு, விட்டதைப் பிடிக்க ஏ.டி.எம். தேடுவது இந்தக் கணக்கில் சேரவில்லை. எதிரில் இருக்கும் கேசினோவின் பை காலியாவதில்லை, நம்முடையது ஆகும்.

இதற்கு மேல் வரி. 2023 அக்டோபர் முதல் இந்தியக் கேசினோக்களில், மேசையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லு வாங்கும் முழுத் தொகை மீதும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். இந்தச் சுமையைக் கேசினோ தாங்குகிறதா, சில்லில் குறைத்துத் தருகிறதா என்பதைப் பணம் கட்டும் முன் கேளுங்கள். நுழைவுக் கட்டணத்தோடு "இலவசமாக" வரும் சில்லைக் காசாக மாற்ற முடியுமா என்பதும் அதே மூச்சில் கேட்க வேண்டிய கேள்வி. ஒருமுறை ஆட மட்டும் செல்லும் சில்லு என்றால், அது உங்கள் பணத்தில் அச்சடித்த கூப்பன்.

ஜெயித்தவருக்கும் நிம்மதி இல்லை. கேசினோவில் ஜெயித்த தொகைக்கு வருமான வரி தட்டையாக 30 சதவீதம், மேலே 4 சதவீதம் செஸ். இதற்கு அடிப்படை விலக்கு வரம்பு பொருந்தாது. தோற்றதைக் கழித்துக் காட்டவும் முடியாது. வெள்ளிக்கிழமை ஒருவர் 50,000 ஜெயிக்கிறார், சனிக்கிழமை 60,000 தோற்கிறார் என்று வையுங்கள். வீட்டுக்கு வரும்போது கையில் 10,000 குறைவு. ஆனால் வெள்ளிக்கிழமை வெற்றிக்கு வரி 15,600 ரூபாய். மொத்த நஷ்டம் 25,600. தோற்றும் வரி கட்டும் விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

காசில்லாமல் பார்க்கக் கிடைப்பவை

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊர்களில் பார்க்கத் தகுந்தவற்றில் பல இலவசம். பனாஜியில் மண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களில் ஏற ஆயிரக்கணக்கில் கட்டணம். அதே ஆற்றில், பனாஜியிலிருந்து எதிர்க்கரையில் உள்ள பெத்திமுக்கு அரசுப் படகு போகிறது. நடந்து ஏறுகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. மீன்கூடையோடு வரும் பெண்கள், வேலை முடிந்து ஸ்கூட்டரோடு நிற்பவர்கள், இவர்களுக்கு நடுவில் நின்று, விளக்கு போட்ட கப்பல்களை ஆற்றின் நடுவிலிருந்தே பார்க்கலாம். இருட்டிய பிறகு போங்கள். அந்த வெளிச்சத்துக்கு மயங்கித்தான் பாதிப்பேர் டிக்கெட் வாங்குகிறார்கள், அது இப்படி ஓசியிலேயே கிடைத்துவிடும்.

பனாஜியிலிருந்து பத்து கிலோமீட்டரில் பழைய கோவா. கதம்பா போக்குவரத்துக் கழகப் பேருந்தில் போய்விடலாம். புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் போம் ஜீசஸ் பேராலயம் அங்கேதான் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணி செய்த அதே சவேரியார். பழைய கோவாவின் தேவாலயங்கள் 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. பக்கத்துத் துறையிலிருந்து திவார் தீவுக்கு இன்னொரு படகு. பனாஜிக்குள்ளே ஃபொந்தாயின்ஹாஸ் தெருக்களில் நடக்கவும் செலவில்லை, ஆனால் அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுப்பவர்களைக் கண்டு நொந்துபோயிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவசரம் இல்லாதவர்கள் கோவாவுக்கு ரயிலிலும் போகலாம். கோவாவில் வாடகை ஸ்கூட்டர் எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை என்றால் யாரோ ஒருவருடைய சொந்த வண்டி. போலீஸ் மடக்கினால் அபராதம் உங்கள் தலையில்; விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும்.

கெந்திங்குக்குப் போகிறவர்களுக்கும் காசில்லாமல் பார்க்க இடம் உண்டு. 1971-இல் லிம் கோ டோங் என்ற தொழிலதிபர் திறந்த முதல் விடுதியிலிருந்து வளர்ந்த மலை நகரம் அது. கேபிள் காரில் மேலே போகும் வழியில் சின் ஸ்வீ குகைக்கோவில் நிறுத்தம் வரும். இறங்கிப் பார்க்கலாம், கோவிலுக்குக் கட்டணம் இல்லை. கோலாலம்பூருக்குத் திரும்பினால் பத்துமலை. கே.எல். சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயிலிலேயே போகலாம், 272 படிக்கும் டிக்கெட் கிடையாது. இதைத் தனி 'டூர்' என்று சொல்லி வேன் வாடகை வாங்குவது பேக்கேஜ்காரர்களின் பழைய வேலை. சிங்கப்பூரில் மெரினா பே சாண்ட்ஸ் விடுதிக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில், ராட்சத இரும்பு மரங்களின் இரவு ஒளிக்காட்சி இலவசம். தரையில் படுத்துக்கொண்டே பார்க்கலாம்.

பேக்கேஜ் நோட்டீஸைப் படிப்பது எப்படி?

எங்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் காட்டிய ரசீது ஒன்று இப்போதும் கண்ணில் நிற்கிறது. அரைத்தாள் அளவில் ஒரு பில் புத்தகக் கிழிசல். மேலே பெரிதாக டிராவல்ஸின் பெயர், விமானப் படம். கீழே பேனாவில் "டூர் அட்வான்ஸ்" என்று இரண்டே வார்த்தை, ஒரு தொகை, ஒரு கிறுக்கல். தேதி இல்லை. ஜி.எஸ்.டி. எண் இல்லை. எத்தனை பேர், எந்த ஊர், எந்த விடுதி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று ஒன்றும் இல்லை. பணம் போனது கடையின் கணக்குக்கு அல்ல, உரிமையாளரின் சொந்த கைபேசி எண்ணுக்கு. அந்தப் பயணம் நடக்கவே இல்லை. அந்தத் துண்டுத் தாளை வைத்துக்கொண்டு ஒருவர் எதை நிரூபிப்பார்?

பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இவைதான்: நாள்வாரிப் பயணத் திட்டம், விடுதியின் பெயர் ("அதற்கு இணையான விடுதி" என்ற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்), எந்தெந்த வேளைச் சாப்பாடு, நுழைவுக் கட்டணங்கள் அடக்கமா, ரத்து விதிகள், ஜி.எஸ்.டி. பில். விமான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் கைக்கு வந்ததும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை. தெரிந்தவர் மூலம் வந்த டிராவல்ஸ், சந்தேகப்பட்டால் மரியாதை இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஏமாற்றுகிறவரும் தெரிந்தவர் மூலம்தான் வருகிறார்.

மலேசியப் பேக்கேஜில் "விசா கட்டணம்" என்று தனியாகக் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடலாம். இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு மலேசியா 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. அது 2026 டிசம்பர் 31 வரை. போகும் முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் பதிவு அட்டையும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் போலித் தளங்கள் உண்டு. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்கு மட்டும் போங்கள். அதே நேரம், வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி விடுதியில் வாங்குவது சட்டப்படி சரி. அதை ஏமாற்று என்று நினைத்துக் கவுன்ட்டரில் சண்டை போட வேண்டாம்.

வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று ஒரு பிடித்தம் உண்டு. அது கூடுதல் செலவல்ல, உங்கள் பெயரில் அரசுக்கு முன்கூட்டியே போகும் வரி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்ப வரும். ஆனால் டிராவல்ஸ்காரர் உங்கள் பான் எண்ணில் அதைக் கட்டியிருந்தால்தான். பயணம் முடிந்து சில மாதம் கழித்து, உங்கள் 26ஏ.எஸ். படிவத்தில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பயணம் ரத்தானால் டிக்கெட் பணம் முழுக்கப் போச்சு என்று சொல்வதை நம்பாதீர்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, 'திரும்பக் கிடைக்காது' என்று விற்ற டிக்கெட்டிலும் அரசு வரியும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பத் தரப்பட வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேர்ந்தது, ஏனென்றால் ஏஜென்ட் அதன் பிரதிநிதி. இழுத்தடித்தால் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம்.

கடனும் பாஸ்போர்ட்டும்

வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒருவர் நோட்டாக எடுத்துச் செல்லக் கூடிய அந்நியச் செலாவணி பொதுவாக 3,000 அமெரிக்க டாலர். மீதியைக் கார்டில் எடுத்துப் போகலாம். ஆனால் லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்கு அந்நியச் செலாவணி செலவழிப்பதை 2000-ஆம் ஆண்டின் நடப்புக் கணக்கு விதிகள் தடை செய்கின்றன. சுற்றுலாவுக்கு என்று சொல்லி எடுத்த டாலரையும் இந்திய கிரெடிட் கார்டையும் கேசினோ கவுன்ட்டரில் நீட்டுவது, பிறகு வங்கி கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாத இடத்தில் உங்களை நிறுத்தும். கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது வேறு.

கேசினோ வட்டாரத்தில் உடனடிக் கடன் தருகிறேன் என்று வருகிறவர்களும் இருப்பார்கள். மலேசியாவில் அவர்களை 'ஆலோங்' என்பார்கள். ஈடாகக் கேட்பது பாஸ்போர்ட். 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் இந்திய அரசின் சொத்து. அதை அடகு வைக்க உங்களுக்கே உரிமை கிடையாது, பிடித்து வைக்க வேறு எவருக்கும் கிடையாது. யாராவது பிடுங்கிவிட்டால் உள்ளூர் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள்; ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். கூச்சப்பட்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் வட்டிக்காரருக்கு லாபம்.

இந்தியாவுக்குள் நடந்தால் சட்டம் இன்னும் தெளிவு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் தோற்ற தொகையைக் கேட்டு ஒருவர் உங்கள் மீது வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. கந்துவட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு கோவிலம்பாக்கத்தில் வீட்டு வாசலில் வந்து நின்று மிரட்டினால், தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. போலீஸில் எழுதிக் கொடுங்கள்.

கேசினோ நகரம் என்ற பெயரில் வரும் வேலை அழைப்பு இன்னொரு வகை ஆபத்து, பணம் போவதைவிடக் கொடியது. கம்போடியாவின் சிஹானுக்வில், மியான்மரின் மியாவடி, லாவோஸின் தங்க முக்கோணப் பகுதி, இந்த இடங்களில் கேசினோக்களை ஒட்டி வளர்ந்த வளாகங்களுக்கு "டேட்டா என்ட்ரி", "கஸ்டமர் சப்போர்ட்" என்று ஆசை காட்டி நம் பையன்களை அழைத்துப் போனார்கள். சுற்றுலா விசாவில் தாய்லாந்து போய் இறங்கியவர்களை எல்லை தாண்டிக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கியபோதுதான் பலருக்கு இது உறைத்தது. வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு 1800 309 3793 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்கள். "முதலில் டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று எவர் சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் கேசினோ பின்னாலேயே வரும், கைபேசி வழியாக. அங்கே எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் "லைவ் கேசினோ" இணைப்புகள் வரத் தொடங்கும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவது நாடு முழுக்கக் குற்றம். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்தில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. அதற்கும் முன்பே 2023 ஏப்ரலில் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. அதில் இணையச் சூதாட்டம் ஆடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. இப்படிப் பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய எண் 1930. பழைய சூதாட்டச் சட்டத்தின் ஆண்டும் அதுவே, நினைவில் வைக்க வசதி. பறிபோன முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். விட முடியாமல் தவிப்பவருக்கும், வீட்டில் அதைப் பார்த்து அழுகிறவருக்கும் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

புகாரை எங்கே கொடுப்பது?

இதில் கோவிலம்பாக்கத்துக்காரர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். தபால் முகவரியில் சென்னை என்று இருக்கிறது, பேச்சிலும் சென்னைதான். ஆனால் 2019 நவம்பரிலிருந்து நாம் செங்கல்பட்டு மாவட்டம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாவட்டத்திலேயே வழக்குப் போட வழி செய்திருக்கிறது. டிராவல்ஸ் நிறுவனம் மும்பையில் இருந்தாலும், விடுதி பனாஜியில் இருந்தாலும், நீங்கள் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால் போதும். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. கோவாவுக்குப் போய் வழக்காடச் சொன்னால் யார் போவார்?

முதலில் 1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. வராவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ்: என்ன வாங்கினேன், என்ன தரவில்லை, எவ்வளவு திருப்ப வேண்டும், பதினைந்து நாள் அவகாசம். வக்கீல் வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். அதற்கும் அசையவில்லை என்றால் ஆணையத்தில் மனு. நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம், காணொலி வழி விசாரணையும் கேட்கலாம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாகக் கேட்டால் 15 நாள். மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், அதற்குத் தயாராகவே போங்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு கடையையே பூட்டிவிட்டுப் போனவர் என்றால் அது வெறும் சேவைக் குறைபாடு அல்ல, மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆணையத்தில் மனுப் போடுவதும் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று தடையல்ல. ஆணையத்துக்கான கெடு இரண்டு ஆண்டு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து. "அடுத்த சீசனில் அனுப்புகிறேன் சார்" என்று டிராவல்ஸ்காரர் வாய்மொழியாக நாள் கடத்திக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அவர் தரும் ஒவ்வொரு வாக்குறுதியையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள், அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.